பழைய அட்டை, பத்துக் காசு, சிரட்டை: கிட்டார் பிக் செய்துபார்க்கும் முறை

கிட்டார் பிக் கம்பியில் எழுப்பும் ஒலியை மூன்று குணங்கள் தீர்மானிக்கின்றன: அது எவ்வளவு வளைகிறது, நுனி எவ்வளவு கூராக இருக்கிறது, விளிம்பு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது. எந்தப் பொருளில் செய்தாலும் அது இந்த மூன்றின் வழியாகத்தான் காதுக்கு எட்டுகிறது. ஆகவே புதுப் பொருளைச் சோதிப்பவர் வடிவத்தையும் விளிம்பையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கேட்கும் வேறுபாடு பொருளால் வந்ததா, அரம் போட்ட கையால் வந்ததா என்று சொல்ல முடியாது.

கடைகளில் கிடைக்கும் நைலான், செல்லுலாய்ட் பிக்குகளுக்கு முன்னால் நல்ல பிக் என்றால் அழுங்காமை ஓட்டில் செய்ததுதான். 1922இல் நியூயார்க்கில் டி'ஆன்ட்ரியா என்பவர் செல்லுலாய்ட் தகட்டில் பிக் வெட்டத் தொடங்கியபின் அந்த வழக்கம் மெல்ல மாறியது. அழுங்காமை இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது; தீபகற்ப மலேசியாவில் அது முட்டையிடும் முக்கிய இடம் மலாக்காக் கடற்கரை. பழம்பொருள் கடையில் ஆமையோட்டுத் துண்டு கண்ணில் பட்டாலும் வாங்கவே கூடாது. அதைவிட நல்ல பொருள்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டிலேயே கிடக்கின்றன.

அட்டையில் தொடங்குதல்

முதல் பிக்கைக் காலாவதியான பிளாஸ்டிக் அட்டையில் வெட்டுவது நல்லது. வங்கி அட்டைகளின் தடிப்பு உலகெங்கும் 0.76 மி.மீ. பிக் வரிசையில் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை நடுத்தரம் என்பதால், அட்டையைத் தேய்க்காமல் அப்படியே பயன்படுத்தலாம். கடைப் பிக் ஒன்றை (சுமார் 30 மி.மீ. உயரம், 26 மி.மீ. அகலம்) அட்டைமேல் வைத்து வரைந்து, கோட்டுக்குச் சற்று வெளியே கத்தரித்து, மிச்சத்தை அரத்தால் கோடு வரை கொண்டுவர வேண்டும். ஓர் அட்டையில் நான்கு பிக்குக்கு இடமுண்டு. சில்லு பதித்த மூலையை விட்டுவிட்டால் மூன்று. தொட்டுப் பணம் செலுத்தும் அட்டைகளுக்குள் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள் ஓடும். வெட்டிய விளிம்பில் அது நீட்டிக்கொண்டிருந்தால் கிட்டார் கம்பியைக் கீறும் என்பதால் சில்லு இல்லாத கடை உறுப்பினர் அட்டையே மேல். மைகாட் பழையதானாலும் அதில் கை வைக்கக் கூடாது. அடையாள அட்டையைச் சிதைப்பது குற்றம்.

வெட்டிய விளிம்பை 240, 400, 1000 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் அழுத்தி உரச வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான பிக்குகள் கெடுகின்றன. 400இல் நிறுத்தினால் கம்பியில் ‘கீச்’ என்ற ஒலி ஒட்டிக்கொள்ளும்; வாசிப்பவர் பழியைப் பொருள்மேல் போட்டுவிடுவார்.

இந்த அட்டைப் பிக்கால் நாளும் அரைமணி நேரமாவது வாசித்து வந்தால் நுனியின் ஒரு பக்கம் மட்டும் தேய்வது தெரியும். பிக் கம்பியை நேராகத் தொடாமல் சற்றே சாய்ந்து தொடுவதால் ஏற்படும் தேய்மானம் அது. ஒவ்வொரு கைக்கும் அந்தச் சாய்வு வேறு. தேய்ந்த அட்டைப் பிக்கைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். சிரட்டையில் எந்தப் பக்கம், எவ்வளவு சரிவாகத் தீட்டுவது என்பதற்கு அதுவே அளவுகோல்.

பத்துக் காசு

குயீன் குழுவின் பிரையன் மே பல்லாண்டுகளாகப் பிளாஸ்டிக் பிக்கை விட்டுவிட்டு, பிரிட்டனின் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் வாசித்து வருகிறார். அந்த நாணயம் சுமார் 19.4 மி.மீ. விட்டமும் 2.8 கிராம் எடையும் கொண்ட செம்பு-நிக்கல் கலவை; விளிம்பில் வரிவரியாகப் பற்கள் உண்டு. மலேசியாவில் 1989இல் வெளிவந்த, பின்புறத்தில் சொங்காக் பலகை பொறித்த பத்துக் காசும் அதே கலவை, ஏறக்குறைய அதே விட்டம், அதே எடை. லண்டனிலிருந்து நாணயம் வரவழைக்கத் தேவையில்லை. 2012க்குப் பிந்தைய பத்துக் காசு சிறியது; கலவையும் வேறு.

நாணயத்தை அராவக் கூடாது, அராவவும் தேவையில்லை. தட்டையாகப் பிடித்தால் அழுத்தமான ஒலியும், சாய்த்துப் பிடித்தால் பற்கள் கம்பியில் உரசும் கரகரப்பும் வரும். எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்தக் கரகரப்பு அழகு. நாணயம் துளியும் வளையாது. அதனால் மணிக்கட்டையும் விரல்களையும் தளர்வாக வைத்து, விளிம்பை மட்டும் கம்பியில் படவிட வேண்டும். நைலான் கம்பிக்கு உலோகம் ஆகாது. சுற்றுக் கம்பிகளும் இதனால் விரைவாகத் தேயும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த விரலிலிருந்து நாணயம் நழுவும். ஒரு பக்கத்தில் துணி பிளாஸ்டரைச் சிறிதாக வெட்டி ஒட்டினால் நிற்கும்.

சிரட்டை

மாற்றுப் பொருள்களில் மிகுந்த உழைப்பைக் கேட்பதும், அந்த உழைப்புக்கு மிகுந்த பலன் தருவதும் சிரட்டைதான். இது புதுமையும் அல்ல. இந்துஸ்தானி இசையின் சரோத்தை மீட்டும் ‘ஜவா’ என்ற முக்கோண வில்லை காலங்காலமாகத் தேங்காய்ச் சிரட்டையில் செய்யப்படுகிறது. சரோத்தின் உலோகக் கம்பிகளைத் தாங்கும் சிரட்டை, கிட்டாரின் எஃகுக் கம்பியையும் தாங்கும்.

முற்றிய தேங்காயாக இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. கோயில்களில் அர்ச்சனைக்கு இரண்டாக உடைத்த மூடி போதும். தைப்பூச ஊர்வலப் பாதையில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் தவிர்ப்பது நல்லது. தரையில் ஓங்கி அடித்த தேங்காயின் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், தீட்டும்போது பிளந்துவிடும். மூடியைச் சுரண்டித் துடைத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்த வேண்டும்.

கண்களுக்கு அருகில் ஓடு ஒரே தடிப்பாக இருக்காது. அங்கிருந்து இறங்கும் மூன்று வரம்புகளிலும் அப்படித்தான். இவற்றைத் தவிர்த்து, இரண்டு வரம்புகளுக்கு இடையில் நடுப்பகுதியிலிருந்து மெல்லிய பல் ரம்பத்தால் துண்டை அறுக்க வேண்டும். சுத்தியலோ கத்தியோ வேண்டாம். பெரிய தேங்காயில் வளைவு குறைவு, தேய்க்கும் வேலையும் குறைவு. தரை ஓட்டுத் துண்டு ஒன்றில் 80ஆம் எண் உப்புத்தாளை ஒட்டி, வெளிப்புறத்தின் நாரும் சொரசொரப்பும் போகும் வரை தேய்க்க வேண்டும். உட்குழிவை முழுவதும் தட்டையாக்க வேண்டியதில்லை. கட்டை விரல் அதில் வாகாக அமரும். பிடிக்கும் இடம் 2 மி.மீ. அளவிலும், நுனி 1 மி.மீ. அளவிலும் நின்றால் போதும். அதற்கும் மெல்லியதாக்கினால் நுனி உடையும். சிரட்டைத் தூள் மிக நுண்ணியது. முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே செய்வதே சரி.

வடிவம் வந்ததும் தேய்ந்த அட்டைப் பிக்கைப் பக்கத்தில் வைத்து, அதே பக்கத்தில் அதே சரிவைத் தீட்ட வேண்டும். பிறகு 240, 400, 1000, முடிந்தால் 2000. மேல்மெருகுக்கு வார்னிஷ் பூசக் கூடாது, நுனியில் உரிந்துவிடும். இரண்டு துளி எண்ணெயைத் தடவி, முழுவதும் துடைத்து எடுத்தால் போதும்.

ஒப்பிட்டுக் கேட்டல்

வாசிக்கும்போது பிக்கின் ஒலி விரல் வழியாகவும் ‘கேட்கிறது’; எனவே வாசிப்பவரின் உடனடித் தீர்ப்பை நம்ப முடியாது. கைப்பேசியை ஒரே இடத்தில் வைத்து, ஒரே மெட்டை ஒரே வேகத்தில், முதலில் கடைப் பிக், பிறகு அட்டை, நாணயம், சிரட்டை என்று பதிவு செய்ய வேண்டும். ஆறாம் கம்பியில் சில சுரங்கள், முதல் கம்பியில் சில சுரங்கள், ஆறு கம்பிகளையும் சேர்த்து மீட்டும் தாளம் ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும். மறுநாள் வேறொருவர் வரிசையை மாற்றிப் போட்டுக் காட்ட, பெயர் தெரியாமல் கேட்பதே நேர்மையான சோதனை.

எஃகுக் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரில் தனித்தனிச் சுரங்களுக்குச் சிரட்டை கடைப் பிக்கைவிட உருண்டையான, திண்மையான ஒலி தரும். வேகமான தாளத்துக்கு அது தோதல்ல; வளையும் அட்டையே ஏற்றது. நைலான் கம்பிக்கு இரண்டையும் விட, செருப்புத் தைப்பவரிடம் மிஞ்சும் தடித்த தோல் துண்டு பொருந்தும்.

சிரட்டை நுனி நாளடைவில் மழுங்கும். 1000ஆம் எண் உப்புத்தாளில் சில நிமிடம் தீட்டினால் மீண்டும் வேலைக்கு வரும். முதல் பிக் கையில் உடைந்துபோனால் தயங்க வேண்டாம். பாதி மூடியில் மூன்று நான்கு பிக்குக்கு இடமிருக்கிறது. அடுத்த துண்டை அறுத்துப் பாருங்கள்.