திரும்பி வருபவருக்கு ஆக்கிய சோறு

அன்புள்ள வாசகிக்கு,

ஒரகடத்தில் வேலை, அதே பக்கத்தில் விடுதி, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு நாளில் தோழிகளோடு ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையோரம் இருக்கும் கொரிய உணவகத்துக்கு மதிய பஃபே சாப்பிடப் போகலாமா என்று கேட்கிறீர்கள். “விலை குறைச்சலா இருக்கே, தரம் இருக்குமா?” என்பது உங்கள் முதல் கேள்வி. “நாங்க போனா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?” என்பது இரண்டாவது. தொடர்களில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்ட சாப்பாட்டை ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மனம் விட்டு எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. இதே தயக்கம் இந்தச் சாலையில் வேலை பார்க்கும் பலருக்கும் இருக்கும். அதனால் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தாராளமாகப் போங்கள். விலையைப் பற்றிய உங்கள் சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

மலிவு பஃபே என்றாலே நமக்குப் பயம் வருவதற்குக் காரணம் உண்டு. சுற்றுலா ஊர்களில் இன்று வந்தவர் நாளை வரப்போவதில்லை. சமைப்பவருக்கும் அது தெரியும். நேற்றைய குருமாவில் இன்று இன்னும் கொஞ்சம் மசாலாவைப் போட்டுக் கொதிக்கவைத்தால் தட்டிக்கேட்க ஆள் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் நிலைமை வேறு. அங்கே தட்டோடு நிற்பவர்களில் பெரும்பாலோர் ஊர்விட்டு வந்து சில வருடம் இங்கேயே தங்கி வேலை பார்க்கும் கொரியர்கள். நாளையும் வருவார்கள், அடுத்த மாதமும் வருவார்கள். ஒரு நாள் சூப் நீர்த்துப்போனால் பொறுத்துக்கொள்வார்கள். தொடர்ந்தால் பக்கத்து உணவகத்துக்கு மாறிவிடுவார்கள். ஒருவர் மாறினால் கூட உட்கார்ந்து சாப்பிடும் நாலு பேரும் மாறுவார்கள். அந்த அடுப்படியை ஒழுங்காக வைத்திருப்பது இந்தக் கணக்குதான்.

அந்த அடுப்படிகள் இங்கே வந்ததற்கும் ஒரு கதை இருக்கிறது. ஹூண்டாயின் இந்திய நிறுவனம் 1996-இல் தொடங்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழும்பி, 1998-இல் சான்ட்ரோ கார் சந்தைக்கு வந்தது. கார் கம்பெனி ஒருநாளும் தனியாக வராது. பிரேக், ஸ்டீயரிங், இருக்கை, அடித்தகடு என்று உதிரிபாகம் செய்பவர்களும் கூடவே வருவார்கள். மாண்டோ, ஹ்வாஷின் போன்ற கொரியப் பெயர்கள் நம் ஊர் கம்பெனி பஸ்களில் ஏறியது அப்படித்தான். 2007-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்ததும் ஜப்பானியர்களும் வந்து சேர்ந்தார்கள். பொறியாளர் வந்தால் தங்க இடம் வேண்டும், தங்கினால் தன் ஊர்ச் சோறு வேண்டும். கொரிய எழுத்தில் பலகை மாட்டிய விருந்தினர் இல்லங்களும் உணவகங்களும் அந்தத் தேவைக்காக எழுந்தவை.

விலை கட்டுப்படியாவதற்குச் சமைக்கும் முறையும் காரணம். அங்கே நாற்பது பெயர் போட்ட மெனு கார்டு தேவைப்படாது. அன்றைக்கு என்ன ஆக்கினார்களோ அதுதான். சோறு, ஒரு சூப், ஒரு இறைச்சியோ மீனோ, தொட்டுக்கொள்ள நாலைந்து வகை. கொரியாவிலேயே ஆலைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் மதியச் சாப்பாடு இப்படித்தான். தட்டை எடுத்து வரிசையில் போய் வேண்டியதைப் போட்டுக்கொள்வார்கள். ஷிப்ட் மணி அடிப்பதற்குள் வயிறு நிறைய வேண்டியவர்களின் பந்தி அது. உங்களுக்குப் புரியாத விஷயம் எதுவும் அதில் இல்லை.

இப்படி ஒரு உணவகத்தின் பின்கட்டில் கிம்ச்சி போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அருகிலிருக்கும் கிராமத்து அம்மா ஒருவர் மணையில் உட்கார்ந்து, நீளமான சீன முட்டைக்கோஸை நெடுக்காகப் பிளந்து, இதழ் இதழாக விலக்கி உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நுனிக்குக் குறைவாக, அடித்தண்டுக்கு அதிகமாக. ராத்திரி முழுக்க ஊறித் துவண்டதை நாலு தண்ணீர் விட்டு அலசி வடியவைக்கிறார்கள். அரிசிமாவுக் கஞ்சியில் மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, மீன் சாறு எல்லாம் கலந்த விழுதை ஒவ்வொரு இதழின் இடுக்கிலும் பூசுகிறார்கள். “ஊறுகாய் மாதிரி பிசையக் கூடாதுங்க, இலை கிழிஞ்சிடும். தடவணும்” என்றார் அந்த அம்மா. கொரியா பக்கமே போகாத அந்தக் கைக்கு அந்தப் பக்குவம் படிந்துவிட்டது. குளிர்காலம் வருமுன் குடும்பமும் அக்கம்பக்கமும் கூடி உட்கார்ந்து கிம்ச்சி போடும் தென்கொரிய வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த மரபில் இப்போது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெண்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

நம் வெயிலில் கிம்ச்சி சீக்கிரம் புளிக்கும். புளித்ததை யாரும் கொட்டிவிடுவதில்லை. புதியதை அப்படியே தொட்டுக்கொள்வார்கள். நன்றாகப் புளித்தது குழம்பாகக் கொதிக்கும். மிச்சம் மறுநாள் சோற்றோடு சேர்த்து வதக்கப்படும். எதையும் வீணாக்காத வீட்டுக் கணக்கு அது. நகரத்து மாலில் ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்குக் கேட்கும் விலையில் இங்கே வயிறு நிறையச் சாப்பிட முடிவது இதனால்தான்.

போவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களில் சைவம் யாராவது இருந்தால் கேட்காமல் எதையும் எடுக்க வேண்டாம். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும். பார்க்க வெறும் காய் சூப்பாக இருப்பதற்கும் பல நேரம் நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்த தண்ணீர்தான் அடிப்படை. மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சாப்பிடாதவர்களும் எது என்ன என்று கேட்டுக்கொள்வது நல்லது. கேட்பதில் தவறே இல்லை, சொல்வார்கள். முளைகட்டிய சோயாப் பயறு, நல்லெண்ணெய் தெளித்த கீரை, முட்டைச் சுருள், நெருப்பில் வாட்டிய கடல்பாசித் தாள் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் நாக்கு சுலபமாகப் பழகும்.

கொஞ்சமாக எடுங்கள். தீர்ந்ததும் மறுபடி எடுங்கள். தொட்டுக்கொள்ளும் வகைகளைக் கேட்கக் கேட்கக் காசில்லாமல் போடுவது கொரியாவில் சாதாரண உணவகத்தில்கூட உண்டு. எடுத்ததை மிச்சம் வைப்பதுதான் அவர்களுக்குப் பிடிக்காது, நம் வீட்டுப் பாட்டிகளுக்கும் பிடிக்காது. சோற்றுக்கும் சூப்புக்கும் கரண்டி, மற்றதற்குக் குச்சி. குச்சி வரவில்லையென்றால் கரண்டியே போதும். சோற்றில் குச்சியை நட்டு மட்டும் வைத்துவிடாதீர்கள், இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை அது. கீரையிலைக்குள் இறைச்சியையும் சோற்றையும் வைத்து மடித்துச் சாப்பிடும்போது அவர்களும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். நம் கை அங்கே கூச்சப்பட வேண்டியதில்லை.

பார்ப்பார்களா என்று கேட்டீர்கள். பார்ப்பார்கள், ஒரு நொடி. அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கும் நேரமில்லை. வேலைச் சட்டையோடு வந்து கால் மணி நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவர்கள் அவர்கள். நீங்களும் அதே சாலையில் அதே வகை வேலை செய்கிறீர்கள். உங்கள் ஊர் நிலத்தில் எழுந்த கட்டடத்தில், உங்கள் ஊர்ப் பெண்கள் கைபட்டுச் சமைத்த சோற்றை, காசு கொடுத்துச் சாப்பிட நீங்கள் யோசிக்கவே கூடாது.

மும்பையின் ஈரானிக் கடைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈரானிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஜொராஸ்ட்ரிய மதத்தினர் தெருமுனைகளில் போட்ட கடைகள் அவை. கியானி 1904-இல் தொடங்கியது, பிரிட்டானியா 1923-இல். வெண்ணெய் தடவிய பன்னும் டீயும் அங்கே எழுத்தருக்கும் கிடைத்தன, மில் தொழிலாளிக்கும் கிடைத்தன. பிரிட்டானியாவின் பெர்ரி புலாவில் போடும் புளிப்புப் பழம் ஈரானியச் சமையலிலிருந்து வந்தது. இன்று அதை மும்பைச் சாப்பாடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வந்தவர்கள் சமைத்தால் மட்டும் அப்படி ஆகிவிடாது. ஊர்க்காரர்கள் உள்ளே போய் உட்கார்ந்ததால் ஆனது. ஸ்ரீபெரும்புதூரில் கொரியச் சமையல் கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இன்னமும் அது விருந்தாளிச் சாப்பாடாகவே இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் போகப் போகத்தான் அது ஊர்ச் சாப்பாடாகும்.

அப்படியே இன்னொரு கதவையும் தட்டிப் பாருங்கள். சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் இந்தி, ஒடியா, வங்காள எழுத்தில் பலகை மாட்டிய சின்னச் சின்ன மெஸ்கள் இருக்கின்றன. கடுகெண்ணெய் வாசனை வாசலிலேயே வரும். காய்கறியைப் பருப்போடு சேர்த்து வேகவைத்த ஒடியா தால்மா, சத்துமாவு அடைத்துச் சுட்ட பீகார் லிட்டி, கூடவே மசித்த கத்தரிக்காய். கொரியப் பொறியாளரைப் போலவே அங்கே சாப்பிடும் பையன்களும் வீட்டைவிட்டு வெகுதூரம் வந்தவர்கள்தான். சம்பளமும் தங்கும் இடமும்தான் வேறு. கொரியக் கதவைத் திறக்க ஆசைப்படும் நாம் இந்தக் கதவைக் கண்டால் ஒதுங்கிப் போகிறோம். அது நியாயமில்லை. தினம் திரும்பி வருபவர்களுக்காகச் சமைக்கும் இடம் அதுவும்தான். உங்கள் லைனில் வேலை செய்யும் ஒரு ஒடிசா அக்காவைக் கூட்டிக்கொண்டு போனால் எது நன்றாக இருக்கும் என்று அவரே சொல்வார்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லியில் ஒரு விடுதியில் தங்கியிருந்த, ஆப்பிளுக்குக் கைப்பேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் அங்கே சாப்பிட்ட உணவால் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்ற பதற்றத்தில் மற்றப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-ஆம் தேதிதான் மறுபடி திறந்தது. தொழிலாளர்கள் தங்கிய சில விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொன்னது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசின் சிப்காட் நிறுவனம் கட்டித் திறந்தது. படுக்கும் இடத்துக்கு ஒரு வழி பிறந்தது.

விடுதியில் போடுவதும் மொத்தமாக ஆக்கும் மலிவுச் சோறுதான். கொரிய உணவகத்தில் போடுவதும் அதுதான். ஒன்று மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டது, மற்றொன்றை நாம் ஆசைப்பட்டுத் தேடிப் போகிறோம். வித்தியாசம் விலையில் இல்லை. கொரியப் பொறியாளருக்குப் பிடிக்கவில்லையென்றால் எழுந்து வேறு கடைக்குப் போக முடியும். விடுதிப் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. பஸ் நேரத்துக்கு வரும், தட்டில் இருப்பதைச் சாப்பிட வேண்டும், இல்லையென்றால் பட்டினியோடு லைனில் நிற்க வேண்டும். சாப்பிடுபவருக்கு வாய் திறக்க இடமில்லாத அடுப்படி எவ்வளவு செலவு செய்தாலும் கெட்டுப்போகும். இதைச் சட்டம் செய்தவர்கள் அன்றே யோசித்திருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீனுக்கு வழிசெய்தது. அந்தக் கேன்டீனை நடத்துவதில் தொழிலாளர்களின் பிரதிநிதிகளும் இடம்பெற விதி செய்ய அதிலேயே வழிவைத்தது.

ஆகவே கொரிய பஃபேக்குப் போய் நன்றாகச் சாப்பிடுங்கள். அங்கே சூடான சூப் ஏன் சூடாக இருக்கிறது, நேற்றைய மிச்சம் எப்படிக் கையாளப்படுகிறது, பாத்திரத்துக்கு ஏன் மூடி இருக்கிறது என்றெல்லாம் கவனித்துக்கொண்டு வாருங்கள். திரும்பி வந்ததும் உங்கள் விடுதிப் பொறுப்பாளரிடம் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்: சாப்பாட்டுக் குழுவில் எங்களில் இரண்டு பேர் இருக்க வேண்டும், மளிகை வரும் நாளில் நாங்களும் பார்க்க வேண்டும், சரியில்லாத நாளில் எழுதிவைக்க ஒரு நோட்டு வேண்டும். சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். தினம் அதே தட்டுக்குத் திரும்பி வருகிறவர்கள் நீங்கள். அந்தத் தட்டைப் பற்றிப் பேசும் முதல் உரிமை உங்களுடையது.

என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்