முள் கால் பங்குக்கு வரும்போது

அன்புள்ள கண்ணுக்கு,

கார் டேங்கை எதுவரை காலியாக விடலாம் என்பதில் ஓட்டுபவர்கள் மூன்று விதம். முள் பாதிக்கு இறங்கியதுமே பங்க்குக்குள் திருப்புபவர் ஒருவர். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு பங்க் தேடுபவர் இன்னொருவர். விளக்கு எரிந்து நெடுநேரம் ஆன பிறகும், "கரூரு வரைக்கும் தாங்குமுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுபவர் மூன்றாமவர். இந்த மூன்றாமவர் பெரும்பாலும் பைக்கில் பழகிவிட்டுக் காருக்கு வந்தவராக இருப்பார். குற்றம் முழுக்க அவருடையது அல்ல; பைக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

பழைய பைக்குகளின் டேங்குக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். அதிலிருந்து டேங்குக்குள் எழும் குழாய் ஒன்று உயரமானது; இன்னொரு துவாரம் தரையோடு ஒட்டியது. திருகு 'ஆன்' நிலையில் இருக்கும்போது உயரமான குழாய் வழியாகவே பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் வண்டி திக்கித் திணறும். ஓட்டுபவர் இடது கையைக் கீழே விட்டுத் திருகை 'ரிசர்வ்' பக்கம் திருப்புவார். வண்டி மறுபடி பிடித்துக்கொள்ளும். அடியில் கிடக்கும் ஒன்றிரண்டு லிட்டரை வைத்து ஊர் போய்ச் சேரலாம். பெட்ரோல் போட்ட பிறகு திருகைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவர்தான் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் நடுவழியில் நின்று வண்டியைத் தள்ளுவார். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பெரும்பாலான பைக்குகள் இஞ்செக்‌ஷனுக்கு மாறின. அந்தத் திருகும் மறைந்தது. "ரிசர்வ்" என்ற சொல் மட்டும் காருக்குக் குடியேறிவிட்டது. காரில் அப்படித் தனியாக ஒதுக்கிவைத்த எண்ணெய் எதுவும் கிடையாது. டேங்க் ஒன்று, துவாரம் ஒன்று. விளக்கு எரிவது ஓர் அறிவிப்பு, அவ்வளவுதான்.

அந்த அறிவிப்பும் ஒரு மதிப்பீடுதான். டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவையின் கை ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் முள் நகர்கிறது. மேட்டில் ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் எண்ணெய் ஒரு பக்கமாகச் சாய்வதால், முள் அலையாமலிருக்க மெதுவாகவே நகரும்படி அதை அமைத்திருக்கிறார்கள். "இன்னும் இத்தனை கிலோமீட்டர்" என்று காட்டும் எண், சற்று முன் வண்டி கொடுத்த மைலேஜை வைத்துப் போட்ட கணக்கு. பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல்லுக்கு நான்கு வழிச் சாலையில் சீராகப் போன வண்டி தாராளமாக ஒரு எண்ணைக் காட்டும். அதே வண்டி காரவள்ளியில் தொடங்கிக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறினால், அந்த எண் கண்ணெதிரே கரையும். சிறிய கார்களில் விளக்கு எரியும்போது ஏறக்குறைய 5 லிட்டர் மிச்சமிருக்கும் என்று கொண்டால் சமதரையில் 70 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். மலையில் அதில் பாதி கிடைப்பதும் சந்தேகமே. மலைக்குப் போகிறவர் சேந்தமங்கலத்திலோ காளப்பநாயக்கன்பட்டியிலோ நிரப்பிவிட்டு ஏறுவதே சரி.

டேங்க் குறைந்தால் வண்டி கெட்டுப்போகும் என்ற பேச்சில் பாதி உண்மை, பாதி கதை. அடியில் கிடக்கும் அழுக்கு அப்போதுதான் இஞ்சினுக்குள் போகும் என்பார்கள். டேங்க் நிரம்பியிருந்தாலும் பம்ப் எப்போதும் அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. அழுக்கு இருந்தால் முதல் நாளிலிருந்தே வடிகட்டிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும். சூட்டைப் பற்றிய பேச்சில் உண்மை அதிகம். இன்றைய பெட்ரோல் கார்களில் மின்சாரப் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. சுற்றியுள்ள பெட்ரோலே அதைக் குளிர்விக்கிறது. அதற்கென ஒரு சின்னக் கிண்ணம் வைத்து, கடைசிவரை பம்ப் நனைந்திருக்கும்படி செய்திருக்கிறார்கள் என்பதால் ஒருமுறை விளக்கு எரிந்ததற்குப் பயப்பட வேண்டியதில்லை. வருடக்கணக்கில் எப்போதும் வறண்ட டேங்கோடு ஓட்டுபவரின் பம்ப்தான் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

டீசல் வண்டிக்கு இந்தச் சலுகை இல்லை. நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளில் இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. டேங்க் வறண்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். "ஏர் பிடிச்சிருச்சு" என்பார்கள். பிறகு டீசல் ஊற்றினாலும் வண்டி உடனே கிளம்பாது. கைப்பம்பை அடித்து, நட்டைத் தளர்த்தி, நுரையெல்லாம் வெளியேறி முழு டீசல் வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய லாரியில் இது அரை மணி நேர வேலை. புதிய காமன் ரெயில் வண்டிகளில் சேதமும் சேர்ந்துகொள்ளும்: ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்யும் அந்தப் பம்புக்கு டீசலைத் தவிர வேறு மசகு கிடையாது. வறண்டு ஓடினால் உலோகத்தோடு உலோகம் உரசி, தூள் இஞ்செக்டர்வரை போய்ச் சேரும். டீசல் கார் வைத்திருப்பவர் விளக்கைப் பார்க்கும் நிலைக்கே வரக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், வண்டி நிற்கும் இடத்தை ஓட்டுபவர் தேர்ந்தெடுக்க முடியாது என்பது. வேலூரிலிருந்து கரூர்ப் பக்கம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை காவிரியைக் கடந்து தவிட்டுப்பாளையம் பக்கம் இறங்குகிறது. அந்த நீளப் பாலத்தின் நடுவே இஞ்சின் நின்றால் ஒதுங்க இடமில்லை. பின்னால் டிரெய்லர்களும் கேஸ் டேங்கர்களும் வரும் சாலை அது. இஞ்சின் நின்றதும் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் நின்றுவிடும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பல வண்டிகளில் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். அப்போது செய்யக்கூடியது: நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, இருக்கும் வேகத்திலேயே முடிந்தவரை இடதுபக்கம் ஒதுக்கி, பாலமில்லாத இடமாக இருந்தால் ஆட்களைத் தடுப்புக்கு வெளியே இறக்கிவிட்டு, நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைப்பது.

இவ்வளவு தெரிந்தும் பலர் குறைவாகவே போடுவதற்குக் காரணம் காசு. "இருநூறுக்குப் போடுங்க" என்பது சிக்கனம் அல்ல, கையிருப்பு. மாதக் கடைசியில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எடை குறைந்தால் மைலேஜ் கூடும் என்ற கணக்கு எடுபடாது. 37 லிட்டர் டேங்க் நிரம்பினால் பெட்ரோலின் எடை 27 கிலோ, அதாவது அரை மூட்டை சிமெண்டுக்குச் சற்று மேல். காரில் அது தெரியவே தெரியாது. விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதும் பழைய வழக்கம். 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் விலை தினமும் மாறலாம் என்று ஆன பிறகு, பைசா கணக்குக்காக விளக்கை எரியவிடுவதில் பொருளில்லை. லாரிக்காரர் கணக்கு மட்டும் வேறு. வடக்கே போகும் வண்டி, விலை குறைவாக இருக்கும்போது ஓசூர் தாண்டிக் கர்நாடகத்தில் டீசல் போட்டால் லிட்டருக்குக் கொஞ்சம் மிச்சமாகும்; நூற்றுக்கணக்கான லிட்டர் பிடிக்கும் டேங்குக்கு அது நல்ல தொகை. அவர் முள்ளை இறங்கவிடுகிறார் என்றால், எங்கே நிரப்புவது என்பதை முன்பே முடிவு செய்துவிட்டு இறங்கவிடுகிறார். கார்க்காரர் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த முடிவைத்தான்.

பங்க் இருக்கிறது என்பதாலேயே எண்ணெய் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பங்க்குகளின் முன் வரிசைகள் நீண்டன. 2022இல் இலங்கையில் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் வண்டியை விட்டுக் காத்திருந்தார்கள். பிறகு கியூஆர் அட்டை முறை வந்து, காருக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தார் சில துளி பெட்ரோலில் வண்டியைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அங்கே முள்ளைப் பார்த்து ஓட்டும் காலமே போயிருந்தது.

ஆக, பெட்ரோல் காருக்குக் கால் பங்கு. டீசலுக்கும் இரவுப் பயணத்துக்கும் மழைக்காலத்துக்கும் பாதி. அதற்கு மேல் நிரப்பிக்கொண்டே இருப்பதும் வீண் அலைச்சல். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் கார் மட்டும் விலக்கு: இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், டேங்கில் காற்றுக்கு இடம் குறைவாக இருப்பது நல்லது. பங்க்கில் துப்பாக்கி 'டக்'கென்று தானாக நின்ற பிறகு, ரூபாயை ரவுண்டு செய்ய இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொல்லக் கூடாது. ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் அந்த மிச்சப் பெட்ரோல் போய்விடும். அதை மாற்றுவது தனிச் செலவு.

பெரியப்பா
பரமத்தி வேலூர்