புகைக்கும் ஓர் ஒத்திகை

ஆண்டு விழா நாடகத்திற்கு நாம் எத்தனை முறை ஒத்திகை பார்க்கிறோம்! மேடையில் தவறினால் திருத்த முடியாது; ஒத்திகையில் தவறினால் திருத்திக்கொள்ளலாம். மோட்டார் காரின் புகைக்கும் இத்தகைய ஒத்திகை உண்டு. அந்த ஒத்திகை நடக்கும் மேடை கணிப்பொறி. அதைப் பற்றி நாங்கள் படித்தும் செய்தும் அறிந்தவற்றை இங்கே காண்போம்.

நச்சை மாற்றும் பெட்டி

பெட்ரோல் எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு, முழுதும் எரியாத ஹைட்ரோகார்பன்கள், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்று தீய பொருள்கள் உள்ளன. இவற்றைத் தீங்கு குறைந்த கார்பன் டைஆக்சைடு, நீராவி, நைட்ரஜன் என மாற்றுவதே வினையூக்கி மாற்றியின் வேலை. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயூஜின் ஹூட்ரி என்பவர் 1950-களில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியைக் கெடுத்துவிட்டது. ஈயமற்ற பெட்ரோல் வந்த பின்னரே, அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் கார்களில் இது பரவலாக இடம்பெற்றது. நம் நாட்டில் 1995 ஏப்ரல் முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று.

பெட்டிக்குள் இருப்பது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 62 துளைகள் இருக்கும். கட்டியின் விட்டம் 10 செ.மீ. என்று கொண்டால் பரப்பு ஏறக்குறைய 78.5 சதுர செ.மீ.; எனவே துளைகள் சுமார் 4,870! ஒவ்வொரு துளையும் பக்கத்திற்கு 1 மி.மீ., நீளம் 10 செ.மீ. என்றால், உட்சுவர்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். கையில் அடங்கும் கட்டிக்குள் ஒருவர் படுக்கும் பாயின் பரப்பு! அச்சுவர்களின் மேற்பூச்சில்தான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மிக நுண்ணிய துகள்களாகப் பதிந்துள்ளன.

எங்கே வருகிறது சிக்கல்?

புகை வரும் குழாய் குறுகியது, கட்டியோ அகன்றது. இரண்டையும் ஒரு கூம்பு இணைக்கிறது. கூம்புக்குள் நுழையும் புகை எல்லாத் துளைகளுக்கும் சமமாகப் பரவும் என்றே நாங்கள் எண்ணினோம். "எண்ணினால் போதுமா? செய்து பாருங்கள்" என்றார் எங்கள் அறிவியல் ஆசிரியை சிஸ்டர்.

பெரிய பிளாஸ்டிக் புட்டி ஒன்றின் அடிப்பாகத்தை வெட்டி, குளிர்பானம் உறிஞ்சும் குழல்களைக் கட்டாகக் கட்டி உள்ளே செருகினோம். ஒவ்வொரு குழலின் முனையிலும் ஒரு நூல் துண்டை ஒட்டினோம். புட்டியின் வாய் வழியே ஊதியபோது நடுவில் இருந்த நூல்கள் துள்ளிப் பறந்தன. ஓரத்து நூல்களோ அசையாமல் தொங்கின! எங்கள் எண்ணம் தவறென்று நூல்களே சொல்லிவிட்டன.

காரிலும் இதுதான் நிகழ்கிறது. கூம்பு திடீரென விரிந்தால் புகை சுவரை ஒட்டி விரியாமல், நேரே நடுவில் பாய்கிறது. ஓரங்களில் சுழல்கள் தோன்றுகின்றன. அதனால் நடுத்துளைகள் அளவுக்கு மீறி உழைத்து, வெப்பத்தால் விரைவில் தேய்கின்றன. ஓரத்தில் பூசிய விலையுயர்ந்த உலோகம் வேலையின்றிக் கிடக்கிறது. விரைந்து செல்லும் புகைக்கு மாறுவதற்குப் போதிய நேரமும் கிடைப்பதில்லை. அது தெருவுக்கு வந்து, பேருந்துக்காக நிற்கும் நம் மூச்சில் கலக்கிறது.

கூம்பை நீளமாக்கினால் என்ன என்று கேட்கலாம். ஆனால் சுமார் 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் ஏறிய பின்னரே மாற்றி நன்கு வேலை செய்யும். வண்டி கிளம்பிய முதல் நிமிடங்களில் புகை பெரும்பாலும் மாறாமலே வெளியேறுகிறது. விரைவில் சூடாக வேண்டுமானால் எஞ்சினுக்கு அருகில் வைக்க வேண்டும். அங்கோ இடம் குறைவு, குழாயும் வளைந்து வரும். துளைகளைச் சிறிதாக்கினால் தடை மிகுந்து புகை சமமாகப் பரவும். ஆனால் எஞ்சின் அதிக வலிமையுடன் தள்ள வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகும். ஒன்றைச் சீராக்கினால் மற்றொன்று கெடுகிறது. இதற்காக நூறு கூம்புகளைச் செய்து பார்ப்பது பெருஞ்செலவன்றோ? இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது.

கணிப்பொறி செய்வது என்ன?

பாய்பொருள்கள் ஓடும் விதத்தைக் கூறும் சமன்பாடுகளை நேவியர், ஸ்டோக்ஸ் ஆகிய இருவரும் 19-ஆம் நூற்றாண்டிலேயே வகுத்தனர். அவற்றை நேரடியாகத் தீர்ப்பது மிகக் கடினம். எனவே கூம்பையும் கட்டியையும் பல இலட்சம் சிறு கட்டங்களாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வந்த பொருளும் வெளியே சென்ற பொருளும் சரியாக இருக்கின்றனவா என்று கணிப்பொறி கணக்கிடுகிறது. பொருந்தாவிடில் திருத்தி மீண்டும் கணக்கிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள முற்றத்தில் ஒரு விளையாட்டு ஆடினோம். ஒன்பது மாணவியர் மூன்று வரிசையில் ஒன்பது கட்டங்களாகச் சிலேட்டுடன் நின்றோம். மேல் ஓரத்தின் வெப்பம் 100, மற்ற மூன்று ஓரங்களும் 0 என்பது விதி. எல்லோரும் முதலில் 0 என எழுதினோம். மணி அடித்ததும் ஒவ்வொருவரும் தம் நான்கு பக்கத்து எண்களைக் கூட்டி நான்கால் வகுத்து எழுத வேண்டும். இரண்டாம் சுற்றில் நடுவில் நின்றவளுக்கு 6.25, நான்காம் சுற்றில் 15.6, பன்னிரண்டாம் சுற்றில் 24.4. சரியான விடை 25. ஒன்பது கட்டத்திற்கே 108 கணக்குகள்! நமக்கு ஒரு பிற்பகல் ஆயிற்று. கணிப்பொறிக்கு இது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை.

இங்கிலாந்து அறிஞர் ரிச்சர்ட்சன் 1922-இல் வெளியிட்ட தம் நூலில், பெரிய அரங்கில் 64,000 பேர் அமர்ந்து இவ்வாறே உலகின் வானிலையைக் கணக்கிடுவதாகக் கற்பனை செய்தார். எங்கள் முற்றத்தில் நின்றது அதன் ஒரு சிறு மூலை எனலாம்.

குழாயில் புகை கொந்தளித்துச் சுழன்று வருகிறது. நுண்துளைக்குள் நுழைந்ததும் அமைதியான வரிச்சீர் ஓட்டமாக மாறிவிடுகிறது. ஆயிரக்கணக்கான துளைகளைத் தனித்தனியே வரைவது பெரும்பாடு. ஆகையால் கட்டியை ஒரே திசையில் மட்டும் வழிவிடும் பஞ்சாகக் கொண்டு கணக்கிடுவது வழக்கம். இறுதியில் திரையில் வண்ணப்படம் தோன்றும். ஓட்டம் எவ்வளவு சீரானது என்பதை ஓர் எண்ணால் குறிக்கின்றனர். முற்றிலும் சீரானால் அது 1. கூம்பின் வடிவை மாற்றி மாற்றி, அவ்வெண்ணை 1-க்கு அருகே கொண்டுவர முயல்கின்றனர்.

கணிப்பொறி தவறுமா?

தவறும். கொந்தளிப்பைக் கூறும் விதிகள் தோராயமானவை. மேலும் புகை ஒரே சீராக வருவதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், நொடிக்கு 100 முறை துடித்துத் துடித்துப் புகை வருகிறது. ஆகவே பொறியாளர்கள் உண்மையான கட்டியில் காற்றைச் செலுத்தி, சூடேற்றிய மெல்லிய கம்பியால் ஒவ்வோர் இடத்திலும் வேகத்தை அளக்கின்றனர். காற்று விரைந்தால் கம்பி மிகுதியாகக் குளிரும். அளவும் கணக்கும் ஒத்துப்போனால் மட்டுமே கணக்கை நம்புகின்றனர். எங்கள் நூல் துண்டுகள் செய்ததும் அதே வேலைதான்.

தோழியரே, சராசரி காண்பது நாம் சிறு வகுப்பிலேயே கற்ற கணக்கு. "இது எதற்குப் பயன்படும்?" என்று அன்று முணுமுணுத்தோம். பொறுமையுடன் பல இலட்சம் முறை செய்தால், அந்த எளிய கணக்கும் ஒரு நகரத்தின் மூச்சைக் காக்க உதவும் என்று இன்று அறிந்தோம். நம் எண்ணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கையும் சோதித்துப் பார்ப்போம். நூல் அசையாவிட்டால், தவறு நம்முடையது என்று ஒப்புக்கொள்வோம்.

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு