அழிப்பான் அழித்த உண்மை

செய்முறை வகுப்பில் உங்கள் விடை பாடநூலோடு ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள்?

என்னிடம் பயின்ற முதலாண்டு மாணவன் ஒருவன் எதிலும் பிழையே கூடாது என்பான். குறிப்பேட்டில் ஓர் அடித்தல் விழுந்தாலும் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுவான்.

ஒரு நாள் தனி ஊசல் சோதனை. நீளம் 100 செ.மீ.; 20 அலைவுகளுக்கு ஆன நேரம் 40.6 விநாடி. கணக்கிட்டதில் புவியீர்ப்பு முடுக்கம் 9.58 என வந்தது. புத்தகத்திலோ 9.8! மூன்று முறை அளந்தும் அதே 40.6 தான். கடைசியில் அதை அழித்துவிட்டு 40.1 என்று எழுதினான். விடை 9.82 ஆயிற்று.

தாளில் அழித்த தடம் தெரிந்தது. கேட்டேன். “தப்பா வந்துடுச்சு சார். அதை உங்ககிட்டே காட்டப் பயமா இருந்தது” என்றான். கண் கலங்கியிருந்தது.

“நீளத்தை எதுவரை அளந்தாய்?”

“நூல் முடியற கொக்கி வரைக்கும் சார்.”

ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும் அல்லவா? அளந்தோம், 102.1 செ.மீ. இருந்தது. அழித்த 40.6ஐயே வைத்துக் கணக்கிட்டோம். விடை 9.78! தமிழ்நாட்டில் கிடைக்க வேண்டிய அளவும் ஏறத்தாழ அதுதான். ஆக, அவன் அழித்தது பிழையை அல்ல, உண்மையை. பிழை நீளத்தில் பத்திரமாக ஒளிந்திருந்தது.

திருத்தமாகச் செய்ய விரும்புவது நல்ல குணமே. ஆனால் அதில் இரு வகை உண்டு என்று 1978இல் அமெரிக்க உளவியலாளர் ஹமாச்செக் பிரித்துக் காட்டினார். ஒரு வகையினர் முயற்சியில் மகிழ்ச்சி காண்கிறார்கள். சிறு குறையைப் பொறுத்துக் கொள்கிறார்கள். மற்ற வகையினருக்கு எவ்வளவு செய்தாலும் நிறைவில்லை. தவறிவிடுவோமோ என்ற அச்சமே அவர்களை ஆட்டி வைக்கிறது.

இங்கிலாந்தின் ராலே பிரபு மிகத் துல்லியமாக அளப்பவர். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனும், அம்மோனியாவிலிருந்து பெற்ற நைட்ரஜனும் அடர்த்தியில் ஒத்துவரவில்லை. அவர் அதை மறைக்கவில்லை. 1892இல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதி, காரணம் என்னவாக இருக்கலாம் என்று வாசகர்களையே கேட்டார்! பின்னர் செய்த அளவீடுகளில், அவருடைய கண்ணாடிக் குடுவையை நிரப்பிய காற்று நைட்ரஜன் 2.310 கிராம், வேதிப் பொருள்களிலிருந்து கிடைத்தது 2.299 கிராம். அந்த 11 மில்லிகிராம் வேறுபாட்டைத் தொடர்ந்து சென்ற ராலேயும் ராம்சேயும் 1894இல் ஆர்கன் என்ற புதிய வாயுவைக் கண்டார்கள். 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஒருவருக்கு இயற்பியலில், மற்றவருக்கு வேதியியலில்.

என் பங்குக் குற்றமும் உண்டு. பல ஆண்டுகள் அடித்தல் இல்லாத ஏட்டுக்கே நானும் ‘மிக நன்று’ போட்டு வந்தேன். அந்த மாணவனின் அச்சத்துக்கு நானும் காரணம்தானே?

நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று:

1. அளவீட்டை அழிக்காதீர்கள். தவறு என்று தோன்றினால் படிக்கும்படி ஒரே ஒரு கோடு இழுத்து, காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.

2. எத்தனை முறை அளப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அத்துடன் நிறுத்திச் சராசரி காணுங்கள்.

3. உங்கள் தம்பியோ தங்கையோ சரியாக வரவில்லை என்று படத்தைக் கிழித்தால் கடிந்து கொள்ளாதீர்கள். கோடு இழுத்த உங்கள் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.