பத்துப் பத்தாய் எண்ணுவோம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. 18 ஆண்டுகள் மூடப்பட்டிருந்த அச்சிலை, 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. நான்கு நாள்களுக்குப் பின், கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் தாத்தாவுடன் ஏரிக்கரைக்குச் சென்றாள்.

"தாத்தா, திருக்குறளில் எத்தனை குறள்கள் உள்ளன?" என்று கேட்டாள்.

"அதிகாரங்கள் 133. ஒவ்வொன்றிலும் பத்துக் குறள்கள். நீயே எண்ணிச் சொல், அம்மா" என்றார் தாத்தா.

"பத்து, இருபது, முப்பது..." என்று தொடங்கியவள், எண்பதைக் கடந்ததும் "தொம்பத்து" என்றாள். உடனே நாவைக் கடித்துக்கொண்டாள். பள்ளியில் ஆங்கிலத்திலும் தெருவில் கன்னடத்திலும் எண்ணிப் பழகியவள் அவள். "எனக்குத் தமிழில் எண்ண வராது, தாத்தா" என்று தலைகுனிந்தாள்.

"வருந்தாதே. தொம்பத்து என்பது கன்னடச் சொல். தமிழும் கன்னடமும் ஒரே குடும்பத்து மொழிகள். முப்பதும் மூவத்தும் எவ்வளவு நெருங்கி ஒலிக்கின்றன, பார்! தமிழில் எண்பதுக்குப் பின் தொண்ணூறு வரும். அதை மட்டும் நினைவில் கொள்" என்றார் தாத்தா.

அவள் மீண்டும் எண்ணி நூறை அடைந்தாள்.

"பத்து அதிகாரங்களுக்கு நூறு குறள்கள். இனி நூறு நூறாய்த் தாவு."

"நூறு, இருநூறு, முந்நூறு..." எண்ணூறு வந்ததும் அவளே நின்றாள். "இங்கும் சொல் மாறுமா, தாத்தா?"

"ஆம். தொள்ளாயிரம்."

அவள் ஆயிரத்தைக் கடந்தாள். பதின்மூன்றாம் தாவலில் ஆயிரத்து முந்நூறு வந்தது. அதனுடன் 130 அதிகாரங்கள் முடிந்தன. எஞ்சிய மூன்றுக்கும் மீண்டும் பத்துப் பத்தாய் எண்ணினாள். "ஆயிரத்து முந்நூற்று முப்பது!" என்று துள்ளினாள்.

அன்றிரவு, ஊரிலுள்ள பாட்டியிடம் தொலைபேசியில் அதே எண்ணிக்கையைச் சொல்லிக் காட்டினாள். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். பேத்தி ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

பயிற்சி

1. விடுபட்ட எண்ணுப்பெயர்களை எழுதுக.
அ) அறுபது, எழுபது, ______, ______, நூறு
ஆ) எழுநூறு, எண்ணூறு, ______, ஆயிரம்

2. 'கல்வி' திருக்குறளின் 40ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறளின் எண் யாது? முதற்குறளின் எண் யாது? (குறிப்பு: 39ஆம் அதிகாரம் எந்த எண்ணுடன் முடியும் என முதலில் காண்க.)

3. உம் வீட்டுப் பெரியவரிடம் ஐந்து ஐந்தாக நூறு வரை தமிழில் எண்ணிக் காட்டுக.