புதிய டயரின் முதல் 160 கிலோமீட்டர்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் பாறசாலை அமைந்துள்ளது. அதனை அடுத்துள்ள களியக்காவிளையில் தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு ஊர்களினூடே வளைந்து செல்வதால், கே.எல். 19, கே.எல். 20, டி.என். 75 ஆகிய எண்களைத் தாங்கிய வண்டிகள் ஒரே தேநீர்க்கடையின் முன் நிற்பது இங்கு அன்றாடக் காட்சியாகும்.

இப்பகுதியின் சாலைகள் இரு வகையின. ஒன்று, இன்று 66 என்றும் முன்னர் 47 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை. மற்றொன்று, வெள்ளறடை, பனச்சமூடு, அம்பூரி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறி இறங்கும் செம்மண் வழி. பால்வெட்டும் தொழிலாளி விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகிறார். அவருடைய மோட்டார் சைக்கிள் ஒரே பயணத்தில் இவ்விரு பாதைகளையும் கடக்க வேண்டும். வண்டி ஒரு வாரம் நின்றால் ஒரு வாரக் கூலி நின்றுவிடும். ஆகவேதான் பலர் வழவழப்பான டயரைக் கழற்றிவிட்டு, கடைக்காரர்கள் ‘பட்டன் டயர்’ என்று அழைக்கும் கரட்டுப்பாதை டயரை மாட்டிக்கொள்கின்றனர்.

இந்த டயரின் மேற்புறத்தில் தடித்த ரப்பர்க் குமிழ்கள் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். சேற்றிலும் இளகிய மண்ணிலும் அவை நகம் போல ஊன்றிப் பிடிக்கும். இடைவெளியில் அப்பிய சேறு, சக்கரம் சுழலும் வேகத்தில் தெறித்து விழும். தார்ச்சாலையில் நிலைமை வேறு. அங்கே குமிழ்களின் உச்சி மட்டுமே தரையைத் தொடும். தொடும் பரப்புக் குறையும். வண்டி சாயும்போது உயரமான குமிழ்கள் வளைந்து கொடுக்கும். ஓட்டுபவருக்கு வண்டி தனக்குக் கீழே நெளிவது போலத் தோன்றும். பிரேக் பிடித்து நிற்பதற்கு வேண்டிய தூரமும், குறிப்பாக ஈரத்தாரில், கூடும். டயர் கெட்டது என்பதன்று இதற்குப் பொருள். அது வேறொரு தரைக்காகச் செய்யப்பட்டது என்பதே பொருள்.

புதிய டயருக்கு மேலும் ஓர் இயல்பு உண்டு. டயர் அச்சில் வெந்து உருவாகிறது. அச்சிலிருந்து எளிதில் பிரிந்து வருவதற்காகப் பூசப்படும் பொருளின் மிச்சமும், அச்சு தந்த பளபளப்பும் அதன் மேற்பரப்பில் இருக்கும். சாலையில் சற்றே தேய்ந்த பின்னரே ரப்பரின் உண்மையான பிடிமானம் வெளிப்படும். இதற்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓட்டம் தேவை என்று உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். அத்தூரம் முடியும்வரை திடீரென வேகம் கூட்டுதல், திடீரெனப் பிரேக் அழுத்துதல், வளைவில் ஆழமாகச் சாய்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். நேரான சாலையிலேயே ஓட்டினால் போதும் என்று சிலர் எண்ணுவர். அது தவறு. நடுக்குமிழ்கள் மட்டும் தேயும். ஓரக்குமிழ்கள் புதியனவாகவே இருந்து, முதற்கூர்வளைவில் வழுக்கும். நாள்தோறும் சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்வதே முறை.

மாட்டும் இடத்திலும் கவனிக்க வேண்டியவை உள. டயரின் பக்கச்சுவரில் உள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். அங்கேயே ‘57 பி’ என்பது போன்ற குறியீடும் இருக்கும். 57 என்பது 230 கிலோ வரை தாங்கும் என்பதையும், ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதையும் குறிக்கும். நான்கு இலக்க எண் செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். பஞ்சர் கடையில் டயரை ரிம்முக்குள் நுழைக்கச் சோப்புநீர் தடவுவர். அது காயுமுன் முழு வேகத்தில் ஓட்டினால், டயர் ரிம்மின் மேல் நழுவி, டியூபின் வால்வையே பிய்த்துவிடக்கூடும். டயரின் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மைச் சுற்றி எங்கும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலைதான். குமிழ்கள் உயரமானவை ஆதலால், சக்கரத்தைக் கையால் சுழற்றி, மட்கார்டிலோ சங்கிலியிலோ உரசாமை உறுதிசெய்ய வேண்டும்.

காற்றழுத்தத்தை, வண்டி ஓடிச் சூடேறுமுன், கையேடு கூறும் அளவில் பார்க்க வேண்டும். தோட்டத்து வழியில் சிலர் காற்றைக் குறைப்பர். பிடிமானம் கூடும் என்பது உண்மை. அதே அழுத்தத்தோடு நெடுஞ்சாலையில் ஏறினால் டயர் அளவு மீறிச் சூடேறும். பள்ளத்தில் இறங்கினால் ரிம் நசுங்கும், டியூப் கிழியும்.

இவ்வூர்களில் பெரிய இடர் மழையோடு வருகிறது. இங்கு இடவப்பாதியில் ஒரு மழைக்காலம், ஐப்பசியில் மற்றொன்று. இடவப்பாதி மழை இறங்கிய பிறகே டயர் மாற்ற நினைப்பது பலரின் வழக்கம். அப்போது தேயாத டயர், ஈரச்சாலை, விடியாத இருள் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்கின்றன. மேடம் மாதத்திலேயே மாற்றி, காய்ந்த சாலையில் தேய்த்துப் பழக்கிவிடுவது அறிவுடைமை. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில், சாலையில் படிந்திருந்த எண்ணெய் மேலே மிதந்து வரும். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடுகளும் வழுக்கும். தோட்டத்திலிருந்து வெளிவரும் இடத்தில் குமிழ்களிடையே செஞ்சேறு நிறைந்திருக்கும். அந்தச் சேறு உதிரும்வரை நெடுஞ்சாலையின் முதற்சில நூறு மீட்டரை மெதுவாகவே கடக்க வேண்டும். காய்ந்த இறக்கத்திலோ செம்புரைக்கல் சரளை கோலிக்குண்டு போல உருளும். அங்கே முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் விலகிவிடும். தாழ்ந்த கியரில் இறங்குவதே காக்கும்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் யாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும். டயரில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க இயலாது.

கியர் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2019 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு; வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு நீக்கப்படும். ‘கடை வரைக்கும்தானே, மாமா!’ என்று சாவி கேட்கும் மருமகனுக்கு இது தெரிந்திருப்பது நலம்.

அருஞ்சொற்பொருள்
சரளை – சிறு கற்கள்
இடர் – துன்பம்
தண்டம் – அபராதம்
செம்புரைக்கல் – துளைகள் நிறைந்த செந்நிறக் கல்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: தென்கோடி, செம்மண், நெடுஞ்சாலை.
2. புதிய டயரை நேரான சாலையில் மட்டும் ஓட்டிப் பழக்குவது ஏன் போதாது?
3. சோப்புநீர் காயுமுன் வேகமாக ஓட்டினால் நிகழ்வது யாது?
4. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வண்டியின் டயரில் காணும் குறியீடுகளைப் பார்த்து எழுதி, அவற்றின் பொருளை விளக்குக.