தொடுதிரைக்கு ஏற்ற கோ விளையாட்டுப் பலகை

இணையப் பக்கத்தினுள் இயங்கும் சிறு நிரலுக்கு ஆப்லெட் என்று பெயர். 1995-ஆம் ஆண்டு ஜாவா மொழி வெளிவந்ததும் பலகை விளையாட்டுகள் பல இம்முறையில் அமைக்கப்பட்டன. இன்றைய உலாவிகள் ஜாவா ஆப்லெட்டுகளை இயக்குவதில்லை. ஆதலின் அவை ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுதப்படுகின்றன. ஆயினும் மொழியை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. மவுஸுக்காக வகுக்கப்பட்ட பலகை விரலுக்குப் பொருந்துவதில்லை.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இடநெருக்கம். கோ பலகையில் 19 நெடுங்கோடுகளும் 19 குறுக்குக் கோடுகளும் 361 இடங்களில் வெட்டுகின்றன. கைப்பேசிப் பக்கத்தின் அகலம் 360 பிக்ஸல் எனக் கொண்டால், ஒரு புள்ளிக்குக் கிடைப்பது சுமார் 19 பிக்ஸலே. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட அணுகல் நெறிகளில், சில விலக்குகளுடன், குறைந்த அளவாக 24 பிக்ஸலைக் குறித்துள்ளது. சதுரங்கத்திலோ ஒரு கட்டத்திற்கு 45 பிக்ஸல் கிடைக்கும். இரண்டாவது, விரல் தான் தொடும் இடத்தையே மறைத்துவிடுகிறது. மூன்றாவது, மவுஸை அழுத்துமுன் காய் விழும் இடத்தை நிழலாகக் காட்டலாம். விரலுக்கு அத்தகைய முன்னிலை பெரும்பாலும் இல்லை. கோ ஆட்டத்தில் வைத்த காய் சிறைப்பட்டாலன்றி இடம்பெயராது. ஆகவே ஒரு தவறான தொடுகையால் ஆட்டமே தோற்கக்கூடும்.

தெரிதலையும் உறுதிசெய்தலையும் பிரித்தலே இதற்குத் தக்க பரிகாரம். விரல் பட்டவுடன் அருகிலுள்ள புள்ளியில் நிழற்காய் தோன்ற வேண்டும். அப்புள்ளி வழியே செல்லும் இரு கோடுகளும் பலகையின் விளிம்புவரை ஒளிர்ந்தால், விரல் மறைத்த இடமும் விளங்கும். விரலை நகர்த்தினால் நிழலும் நகர வேண்டும். பலகைக்கு வெளியே உள்ள “வை” என்னும் பொத்தானைத் தொட்ட பின்னரே காய் நிலைபெற வேண்டும்.

மவுஸ், விரல், எழுதுகோல் ஆகிய மூன்றையும் ஒரே வகையாக ஏற்கும் ‘பாயின்டர் ஈவன்ட்ஸ்’ முறை 2015-இல் டபிள்யூ3சி பரிந்துரையாயிற்று. அதனைக் கையாளுகையில், விரலின் நகர்வைப் பக்கத்தை உருட்டும் செயலாக உலாவி கொள்ளாதவாறு தடுத்தல் அவசியம். இத்தடையைப் பலகைக்கு மட்டுமே விதித்தல் நலம்; பக்கம் முழுவதற்கும் விதித்தால் வாசகர் கீழே செல்லவோ எழுத்தைப் பெரிதாக்கவோ இயலாது.

தொடக்க மாணவர்க்கு 9 கோட்டுப் பலகையே ஏற்றது. அதில் ஒரு புள்ளிக்கு 40 பிக்ஸல் கிடைக்கும். வகுப்பில் பயன்படுத்துமுன் ஆசிரியர் அதனை உண்மைக் கைப்பேசியிலேயே சோதித்தல் வேண்டும். கணிப்பொறிச் சாளரத்தைச் சுருக்கி மவுஸால் பார்ப்பது போதாது. விரலின் இடர்ப்பாடு விரலுக்கே புலப்படும்.